தோராயமான அம்மா

அம்மா எங்கே இருக்கிறாள் என்பதை எங்கள் நிறுவனத்தின் செயலி எனக்குத் தோராயமாகத்தான் காட்டும். அந்தப் பகுதியை எழுதியவளே நான். குடும்பத்தில் ஒருவர் எங்கே என்று மற்றவர் பார்க்கலாம். விரும்பாதவர் வரைபடத்தில் தன் புள்ளியை நாலு தெரு தள்ளி விழவைக்கலாம். அம்மாவின் கைபேசியில் அதை மாற்றிக் கொடுத்தவள் என் தங்கை.

"அக்கா, இதுல ஓட்டை இருக்கு," என்றான் பக்கத்து மேசைக்காரன். நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. "கேக்குற ஒவ்வொரு தடவையும் புள்ளி புது இடத்துல விழுது. விடாம கேட்டா, விழுந்ததுக்கெல்லாம் நடுவுல ஆளு இருக்கு. பொய் சொன்னா ஒரே பொய்யா சொல்ல வேணாமா?"

"பாக்குறேன்."

"போன வாரமும் பாத்தீங்க. ஊர்ல எத்தன சந்தேகப் பிராணி இருக்கும், சொல்லுங்க."

சிரித்து வைத்தேன். அவனுக்கு முன்பே எனக்கு அந்த ஓட்டை தெரியும். அதன் வழியாகத்தான் தினமும் அம்மாவைத் தேடினேன். சிதறிய புள்ளிகளின் நடு, வாரத்தில் பாதி நாள் தங்கையின் மாடி வீடு. முட்டி வலியால் என் வீட்டுக்கு வர முடியாத அம்மா அங்கே படியேறியிருக்கிறாள்.

மதியம் போன் செய்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான். வேற எங்க போவேன்?"

பின்னால் தங்கை சிரித்தாள்.

"அது யாரு?"

"டிவிதான்டி."

"நான் விசாரிச்சதா டிவிகிட்ட சொல்லு."

அம்மா தணிந்த குரலில், "சொன்னா உனக்கு வயிறெரியும். அதான் சொல்லல. எங்க இருக்கேன்னே கேக்குற. எப்படி இருக்கேன்னு கேட்டியாடி?" என்றாள்.

போனை வைத்தபின் ஓட்டையை அடைத்தேன். இனி புள்ளியைத் தள்ளி வைத்தவர் ஒரு வட்டாரத்துக்குள் எங்கே இருந்தாலும், எத்தனை முறை கேட்டாலும், ஒரே புள்ளி. அம்மா வீடும் தங்கை வீடும் ஒரே வட்டாரத்துக்குள் அடக்கம். "அப்பாடா," என்றான் மேசைக்காரன். பெருந்தன்மையால் செய்ததல்ல. தெரியாமல் இருந்தால் எரியாது என்று நினைத்தேன்.

இப்போது செயலியில் அம்மா ஒரு பள்ளி மைதானத்தின் நடுவில் அசையாமல் நிற்கிறாள். முன்பெல்லாம் புள்ளிகளின் நடு அவள் வீட்டிலேயே விழும் நாட்களும் உண்டு. அன்று நிம்மதியாகச் சாப்பிடுவேன். இப்போது அப்படி ஒரு நாளும் இல்லை. எப்போது நினைத்தாலும் அவள் தங்கை வீட்டில்தான் இருக்கிறாள், கால் நீட்டி உட்கார்ந்து, என்னிடம் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டு.