கயிறு அறுந்த கதை

1

இது நானாகத் தேடிப்போன கதை இல்லை. துறைமுகத் தெருவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறோம், நீங்கள்தான் எழுதத் தெரிந்த மாப்பிள்ளை ஆயிற்றே என்று தெருச் சங்கத்தார் என் தலையில் கட்டினார்கள்.

முதல் வரி: ‘அலைகளின் தாலாட்டில் கண்விழிக்கும் இத்தெரு’ (அடித்துவிட்டேன். இங்கே எழுப்பிவிடுவது லாரி ஹாரன்.)

இரண்டாவது: ‘கப்பல்கள் வருவதற்கு முன்பு இங்கே’ (என்ன இருந்தது? சேறுதான் இருந்திருக்கும்.)

2

சரி, பழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இத்தெருவில் யாரும் கையசைத்துப் பேச மாட்டார்கள். தலையாட்டுவதோடு சரி. பெண் எடுத்த புதிதில் திமிர் என்று நினைத்தேன்.

காரணம் கிரேன். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. சைகைக்காரரின் கையை மட்டும் பார்ப்பார். உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தால் பாரம் இறங்கும். என் மாமனார்தான் அந்தச் சைகைக்காரர். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த மாமியாரை, கிட்டே வராதே என்று கையசைத்தார். பாரம் இறங்கிவிட்டது. அடியில் எதிர்வீட்டு அக்காவின் கணவர்.

கயிறு அறுந்துவிட்டது என்று தெருவே ஒரே வாயாகச் சொன்னது.

3

(மாமனாரைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் கதை சுலபமாகும். மனம் வரவில்லை.)

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“கயிறு மேல பழியப் போட்டே காலத்த ஓட்டிட்டேன், மாப்ள. புத்தகத்துலயாவது உள்ளதப் போடுங்க.”

எதிர்வீட்டு அக்காவிடம் போய்ச் சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பக்கூட இல்லை.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி. கயிறுன்னே இருக்கட்டும். அச்சுல வந்துட்டா, காலையில கதவத் தொறந்ததும் உங்க மாமனார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

4

முடிவு ஒன்று: ‘கயிறு அறுந்தது.’ மாமனார் படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். அது இன்னும் மோசம்.

முடிவு இரண்டு: ‘சைகை தவறியது.’ அக்கா வீட்டைக் காலி செய்துவிடுவார்.

முடிவு மூன்று: ‘ஒரு விபத்தில்’ (எழுதிப் பார்த்தேன். பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை.)

இங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாயே என்பீர்கள். இது கதை, யாரும் நம்ப மாட்டார்கள். அது வரலாறு, நாளை அச்சுக்குப் போகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் இந்தத் தெருவில் குடியிருக்கவில்லை, உங்களுக்குச் சொல்வது எளிது. சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறேன். ஆனால் புத்தகத்தை அந்த இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.