பாராசூட்டில் வெட்டிய ஓட்டை

மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோன என் மகன் ஹேமநாதன் ஒரு ராக்கெட் செய்து வைத்திருந்தான். அதை அவன் பறக்கவிடவே இல்லை. முதல் திவசம் முடிந்த மறுநாள் அதைப் பறக்கவிடலாம் என்று என் கணவர் சன்னாசி முடிவு செய்தார். எனக்கு வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. செனாவாங் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். ஒரு வருடமாக அவ்வளவுதான். ராக்கெட் முழுசாக வீட்டு அலமாரிக்குத் திரும்பி வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

புக்கிட் பெலண்டோக்கில் மறுநடவுக்காகச் செம்பனை எண்ணெய் மரங்களைச் சாய்த்த வெட்டவெளி. மகனுடைய கல்லூரி ராக்கெட் குழு அங்கே அனுமதி வாங்கியிருந்தது. காற்று பலமாக அடித்தது. அவனோடு படித்த இந்துஜா பிளாஸ்டிக் பாராசூட்டை விரித்துப் பார்த்தாள். இப்படியே விட்டால் காற்று பக்கத்துச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய்விடும், அப்புறம் தேடவே முடியாது என்றாள். நடுவில் ஓட்டை போட்டால் காற்று அதன் வழியாகப் போய்விடும், ராக்கெட் சீக்கிரம் இறங்கும், தூரம் போகாது.

"எம்புள்ள செஞ்சத யாரும் வெட்டக்கூடாது," என்றார் அவர்.

இந்துஜா கையிலிருந்த கத்தரிக்கோலை நான் வாங்கிக்கொண்டேன். டீ கிளாஸைக் கவிழ்த்துக் கோடு போட்டு வெட்டினேன். மடிப்புகள் ஒட்டாமலிருக்க இந்துஜா முகப்பவுடர் தூவி மடித்து வைத்துவிட்டு, பறக்கவிடும் வரிசையில் பெயர் கொடுக்கப் போனாள்.

அவர் சும்மா இருப்பாரா? புதுச் சட்டியைக்கூடப் பொட்டு வைக்காமல் அடுப்பில் ஏற்ற விடாத மனிதர். பாராசூட்டோடு காருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து, மடித்தபடியே இந்துஜாவிடம் கொடுத்தார். அவள் அதை ராக்கெட்டுக்குள் வைத்தாள். இப்போதெல்லாம் நான் எதையும் கேட்பதில்லை.

ராக்கெட் நேராக மேலே போனது. அழகாகத்தான் போனது. உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் வெளியே வந்தது, ஆனால் விரியவில்லை. அப்படியே வந்து விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் குழாய் நசுங்கி, இறக்கைகள் உடைந்து கிடந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்கள். என் கால்தான் எப்போதோ மரத்துவிட்டதே.

"ஒன்னாலதான். நீ வெட்டுனதாலதான்," என்று அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பாராசூட்டைக் கையில் எடுத்தேன். மடிப்புக்கு மடிப்பு சந்தனம். ஈரமாகக் குழைத்து, ஓட்டையைச் சுற்றி வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. இந்துஜாவும் பார்த்துவிட்டாள். சொல்ல வாயெடுத்தவளைத் தலையாட்டித் தடுத்தேன்.

சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், மோட்டார் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றுவிட்டீர்கள் என்று இவரைச் சொன்னவள் நான். அன்றிலிருந்து இந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. சொன்னது தப்பு. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அது எனக்கு வலித்தது.

"ஆமாங்க," என்றேன். "நான் வெட்டுனதுதான்."

சந்தனம் வெளியே தெரியாதபடி பாராசூட்டைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.