மஞ்சக்காரியின் பதினொரு வாரம்

மஞ்சள் மீன் குணாளனின் விரல் நுனியிலிருந்து கடற்பாசியைக் கொத்தித் தின்னும் வீடியோவை லெட்சுமணன் ஏழாவது தடவையாகப் பார்த்தான். தம்போயில் ஒரு கடையின் ஏர்கோனைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணி மேல் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற வீடியோவா இது? முதல் தடவை பார்த்தபோது, அப்பாடா, பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தான். மூன்றாவது தடவையில் வயிறு எரிய ஆரம்பித்தது. எட்டு வருஷம் வளர்த்தவன் இவன். கண்ணாடியில் பாசியைக் கிளிப் மாட்டி வைத்துவிட்டு இவன் நான்கடி தள்ளிப் போனால்தான் அது வாயே திறக்கும். இவன் கையில் ஒருநாளும் தின்றதில்லை.

குணாளன் வேறு யாருமில்லை, மனைவி செல்வராணியின் தம்பிதான். கடல்மீன் தொட்டிக்கு உப்புத்தண்ணீர் கலக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே லெட்சுமணன். மூன்றே வருஷத்தில் தலைகீழாகிவிட்டது. சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவன், எதையும் அளந்து, எழுதி, பொறுமையாகச் செய்கிறவன். மீன் வளர்ப்பவர்களுக்காக லெட்சுமணன் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது எவனுக்கு மீன் இருமினாலும், “குணா சிஃபு, என்ன செய்யலாம்?” என்று குருநாதரைக் கேட்பதுபோல அவனைத்தான் கேட்கிறார்கள். குழுவைத் தொடங்கியவன் ஒருத்தன் இருக்கிறானே என்று ஒரு பயலுக்கும் நினைப்பில்லை. போதாததற்குச் செல்வராணி வேறு, “தம்பிக்குப் பொறுமை ஜாஸ்திங்க” என்பாள், சோறு போடும்போது.

வினை வந்ததும் அதனால்தான். கடையில் பவுடர் புளூ என்கிற ஒரு நீல மீனுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்ற மீன்களோடு விடப்போவதாகவும் குணாளன் குழுவில் எழுதினான். மறுநாள் காலையிலேயே லெட்சுமணன் அதே கடைக்குப் போனான். அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கிவந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டான். தனித்தொட்டியாவது மண்ணாவது. படம் எடுத்துக் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. அன்று மத்தியானம் அவன் இரண்டு தட்டு சோறு தின்றான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒன்பதாம் நாள் புது மீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. முதலில் அது போனது. அடுத்து இரண்டு கோமாளி மீன்கள். குழுவில் மூச்சுவிடவில்லை இவன்.

செல்வராணிதான் இவனுக்குத் தெரியாமல் தம்பியைக் கூப்பிட்டாள். குணாளன் வேலை முடிந்து, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நசுங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வாளியோடு வந்து நின்றான்.

“மாமா, அந்த வெள்ளைப் புள்ளிப் பூச்சி மீன் மேல மட்டும் இல்ல. வளந்ததும் கழண்டு மணல்ல விழும். அங்க ஒண்ணு நூறாகி, திரும்ப மீனைத் தேடி வரும். பதினொரு வாரம் மீனே இல்லாம தொட்டிய விட்டீங்கன்னா, பட்டினியில செத்துரும். மிச்ச மீன நான் கொண்டுபோய் மருந்து தண்ணியில வச்சுப் பாத்துக்கறேன்.”

மிச்சம் என்றால் ஒன்றுதான். செல்வராணி மஞ்சக்காரி என்று கூப்பிடும் அந்த ஒன்று.

வீடியோ வந்தது ஆறாவது வாரத்தில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லெட்சுமணன் கெம்பாஸில் இருக்கும் குணாளன் வீட்டுக்கு வண்டியை விட்டான். பார்த்துவிட்டு வருவதாகத்தான் வீட்டில் சொன்னான். குணாளன் பக்கத்தில் போனதுமே மஞ்சக்காரி வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்தது. லெட்சுமணன் விரலை நீட்டினான். சரேலென்று போய்ப் பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்துகொண்டது.

“மறந்துபோச்சு போல மாமா, உங்கள,” என்று சிரித்தான் குணாளன். விகல்பம் இல்லாத சிரிப்புதான். லெட்சுமணனுக்கோ வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. யோசிப்பதற்கு முன்பே அவன் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது.

“வேற புதுத் தொட்டி ஒண்ணு ரெடி பண்ணிட்டேன் குணா. சுத்தமான தண்ணி, புது மணல். இன்னிக்கே கொண்டுபோறேன்.”

“அப்படியா? சொல்லவே இல்ல! அப்பச் சரி மாமா. பழைய தொட்டியில விட்ட கைய மட்டும் கழுவாம புதுசுல விட்றாதீங்க.”

இரட்டைப் பையில் கட்டி, வெயில் படாமல் துண்டு சுற்றி, வண்டிவரை வந்து வைத்துவிட்டுப் போனான். வெறுப்பதற்குக்கூட ஒரு குறை வைக்காத மனுஷன்.

புதுத் தொட்டியாவது ஒன்றாவது. கூடத்தில் பழைய தொட்டிதான் காத்திருந்தது. “பதினொரு வாரம்னு தம்பி சொன்னானேங்க?” என்றாள் செல்வராணி. “எனக்குத் தெரியாதா? ஆறு வாரமே போதும்னு இன்டர்நெட்ல போட்டிருக்கான் லா,” என்றான். எங்கே போட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பையை அவிழ்த்து மீனை உள்ளே விட்டான். மணலைப் பார்த்தான். வெறும் மணலாகத்தான் தெரிந்தது.

நான்காம் நாள் அது நடந்தது. கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாசியை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றான். மஞ்சக்காரி தயங்கித் தயங்கி வந்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. விரல் நுனியில் அந்தச் சின்ன வாய் பட்டபோது லெட்சுமணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் படமெடுத்து யாரிடமாவது காட்டவேண்டும் என்று துடித்தான். காட்டினால் பின்னால் இருக்கிற பழைய பாறை காட்டிக்கொடுத்துவிடுமே. வென்றவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டி வந்தது.

எட்டாம் நாள் வேலை முடிந்து வந்து பாசியோடு நின்றான். மஞ்சக்காரி வந்து இரண்டு கொத்துக் கொத்தியது. பிறகு திரும்பிப் போய்ப் பாறையில் விலாவை உரசிக்கொண்டது. ஏதோ விளையாடுகிறது என்று சொல்லிக்கொண்டான். குனிந்து பார்த்தான். துடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடியை வெளியே துடைத்தான், உள்ளேயும் துடைத்தான். புள்ளி போகவில்லை. மீனோடு சேர்ந்து நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் குணாளன் கூப்பிட்டான்.

“மாமா, எப்படி இருக்கு? ஒழுங்கா சாப்பிடுதா?”

செல்வராணி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“சாப்பிடுது, சாப்பிடுது.”

“ஏதாச்சும் ஒரு மாதிரி தெரிஞ்சா உடனே சொல்லுங்க மாமா. மருந்து தண்ணிய இன்னும் கொட்டல. நேரா கொண்டாந்துடலாம், நானே வந்து எடுத்துக்கறேன்.”

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அரை மணி நேரத்தில் வந்துவிடுவான், ஒரு சொல் குத்திக்காட்ட மாட்டான். மீனும் பிழைத்துவிடும், அவன் வீட்டில், அவன் விரலில் தின்றுகொண்டு. லெட்சுமணன் தன் விரலிலிருந்த பாசியைப் பார்த்தான்.

“என் கையிலதான் சாப்பிடுது, குணா,” என்றான். “ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு.”

மஞ்சக்காரி அவன் விரலைத் தாண்டிப் போய், பாறையில் அடுத்த பக்க விலாவைத் தேய்த்துக்கொண்டது.