ஆணியில் இல்லாத துண்டு

"எல்லாரும் ஒண்ணா கேட்டா கரண்டு ஏன்மா கோவிச்சுக்குது?" என்று ஆறு வயது சிந்து ஒருமுறை கேட்டாள். அவள் அம்மா மௌரீனுக்குச் சிரிப்புதான் வந்தது.

ஜீவனஹள்ளியில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ். கிரைண்டரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் இரண்டில் ஒன்றைப் போடுகிறவர் மீட்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார், முடிந்ததும் எடுத்துவிடுவார். சிந்துவுக்கு இழுப்பு வந்து, மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷினை வைத்தாலும் அதே துண்டுதான். அப்போது யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள்.

தொண்ணூற்றாறு மே மாதம், ஒரு சாயங்காலம். துண்டு வெகுநேரமாகத் தொங்கியது.

"சாந்தா, உன் ஹீட்டருக்கு இன்னிக்கு லீவா?" என்றாள் உளுந்து ஊறவைத்திருந்த வனஜா.

"உன் மாவு புளிக்கிறதுக்குள்ள குளிச்சிடுவேன், போடி!" என்றாள் சாந்தகுமாரி.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கடைசி வீட்டு பியாட்ரிஸ் ஓடிவந்து, மீட்டரை ஒட்டிய கொடியில் காய்ந்த எல்லார் துணியையும் வாரிக்கொண்டு போனாள். யார் வீட்டுத் துணியானாலும் நனைய விடமாட்டாள்.

ஆணி காலியாக இருந்தது. காத்திருந்த இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம். எல்லா வீடும் இருண்டது.

"ஐயோ, மெஷின் நின்னுடுச்சு! புள்ளைக்கு மூச்சு வரல!" மௌரீன் அலறினாள்.

"துண்டை எடுத்துட்டியேக்கா?" என்றாள் வனஜா.

"புள்ளைய விட்டுட்டு நான் எங்கடி வந்தேன்?"

பியாட்ரிஸ் கையிலிருந்த துணிகளை உதறினாள். ஈரப் புடவைகளுக்கு நடுவே சிவப்பு தெரிந்தது. நல்லது செய்த கைதான் அந்தக் குழந்தையின் மூச்சை நிறுத்தியிருந்தது.

சாந்தகுமாரி சிந்துவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். மௌரீன் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

மறுநாள் காலையில் வனஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "ஆன்ட்டி, புள்ள பொழச்சிடுச்சு. ரெண்டு நாள் அங்கயே இருக்கணுமாம். நீங்க அழாதீங்க, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள்.

மத்தியானம் வனஜாவும் மற்றவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பொதுக் குழாயில் தண்ணீர் வந்தது. இனி நாளை மறுநாள்தான் வரும். பியாட்ரிஸ் மௌரீன் வாசலில் இருந்த டிரம்மைக் கழுவி, குடம் குடமாகச் சுமந்து நிரப்பினாள். நிரம்பியபோது குழாய் நின்றுவிட்டது. மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, தன் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.