ஆல்பி தகட்டை எடுக்க மறந்தது

ஆஸ்திரேலியாவின் டல்கேரா ஊரில் ஆல்பி ட்ரெவாரோ மேல் மட்டும் முப்பது வருடமாக வெயில் படவில்லை. நட்டநடுப் பகலில் அவன் கடைத்தெருவில் நடந்தால், ஓர் ஆள் அகலத்துக்குச் சுரங்க இருட்டும் கூடவே நடக்கும். பியர் குடிக்கப் போவதென்றாலும் தலைவிளக்கோடுதான் போவான். காரணம் ஊரறிந்தது. வெள்ளிச் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் பித்தளைத் தகட்டை வாசல் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். தகடு தொங்கினால் ஆள் உள்ளே இருப்பதாகக் கணக்கு. நோரீனிடம் கல்யாணம் கேட்கப் போகிற அவசரத்தில் ஆல்பி தகட்டை விட்டுவிட்டு ஓடினான். மறுநாளே கம்பெனிக்காரர்கள் சுரங்கத்தைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். வெயிலும் கணக்குப்படி நடந்துகொண்டது.

நோரீன் அவனையே கட்டிக்கொண்டாள். ஆனால் தலைவிளக்கு எதிரில் நிற்பவர் முகத்தில்தான் அடிக்கும், போட்டிருப்பவர் முகம் தெரியாது. புருஷன் என்று அவள் பார்த்ததெல்லாம் கண்கூச்சம்தான். பிற்பாடு நகராட்சி சுரங்கத்தைக் காட்சிக்கூடமாக்கி அனுமதிச் சீட்டு வைத்தபோது ஆல்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வெட்டுன குழியப் பாக்க நானே சீட்டு வாங்கணுமா? போங்கடா!"

பழைய சுரங்கக்காரர்கள் எல்லோரும் அதுதான் நியாயம் என்றார்கள், ஒருவரும் போகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அடிலெய்டு டாக்டர், நோரீனின் பார்வை கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று சொன்னார். அவள் அழவில்லை. நேரே போய் இரண்டு சீட்டு வாங்கி வந்தாள்.

"ஒரு நாள் டூரிஸ்டா இருந்தா ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்ட. கெளம்பு."

பஸ்ஸில் வந்த கூட்டத்தோடு இருவரும் சுற்றினார்கள். துருப்பிடித்த தூக்கி யந்திரம், கல்லறை, பாஸ்டி என்கிற இறைச்சி அடை விற்கும் கடை எல்லாம் ஆயிற்று. சிட்னியிலிருந்து வந்த வழிகாட்டிப் பெண், வெடிமருந்து வைத்த அறையைக் காட்டி, தொழிலாளிகள் சாப்பிட்ட இடம் என்றாள். ஆல்பி வாயைத் திறப்பதற்குள் நோரீன் கிள்ளினாள். கடைசியாகப் பலகை வந்தது. ஒரே ஒரு தகடு தொங்கியது. ஆல்பி குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினான்.

"சார், தொடக் கூடாது!"

"ஷிப்ட் முடிஞ்சிருச்சும்மா. வீட்டுக்குப் போகணும்."

தகட்டை எடுத்ததும் இருட்டு கழன்றது. வெயிலே படாத அந்த முகம், கல்யாணம் கேட்ட அன்றைக்கு இருந்தபடியே, வழவழவென்று இருந்தது. கூட்டம் படம் எடுத்தது. நோரீன் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"அடப்பாவி, எனக்கு மகன் மாதிரில்ல இருக்க!"

வெளியே வந்ததும் முப்பது வருடத்து வெயில் பாக்கி மொத்தமும் அவன் மேல் இறங்கத் தொடங்கியது. மதுக்கடைக்காரர் நாற்காலிகளை நிழலுக்கு நகர்த்திவிட்டு, இன்றைக்குக் கொஞ்சம் புழுக்கம்தான் என்றார். ஆல்பியின் கண்ணோரம் முதல் சுருக்கம் விழுந்தது, பிறகு நெற்றியில் ஒன்று. அவன் கூச்சப்பட்டு வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தான். நோரீன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா நட, ஆல்பி. ஒண்ணு விடாமப் பாக்கணும்."

கடைத்தெருவைக் கடக்க அவர்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.