நுன்சியோ உயிருக்கு ஒரு கை மாவு

மடிப்பிச்சைக்குப் போகிறவள் வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்று நின்ஃபா சொல்லியிருந்தாள். லிபோரியா காலணியைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். மார்ச் மாதம். ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனியில் முற்றத்துக் கல் நனைந்திருந்தது. குளிர்கிறது என்று காலுக்குத் தெரிந்தது. அது தனக்குத்தானா என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. எட்டு மாதமாக எல்லாமே அப்படித்தான், கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

போன கோடையில் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அவள் கணவன் நுன்சியோவும் படுத்தான், பிழைத்தான். அதற்கான நேர்ச்சை இது. சூசையப்பர் திருநாளன்று மேஜை போட வேண்டும். ரொட்டி, மொச்சை, மீன், எண்ணெயில் பொரித்த இனிப்பு எல்லாம் அடுக்கி ஏழைகளை உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். அதில் எதையும் சொந்தக் காசில் வாங்கக் கூடாது. அத்தனையும் பிச்சை எடுத்ததாக இருக்க வேண்டும். முற்றத்தைச் சுற்றியிருக்கும் வாசல்களில் ஒன்றைக்கூட விடக் கூடாது. ஒன்றை விட்டாலும் நேர்ச்சை நிறைவேறாது. நிறைவேறாத நேர்ச்சை என்றால் சூசையப்பர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார். சிசிலியில் அப்படித்தான், கப்பலேறி வந்த பிறகும் அப்படித்தான்.

நின்ஃபா கூடவே வந்தாள். அந்தக் கட்டடத்தில் பிள்ளைப்பேறு முதல் பிணம் கழுவுவதுவரை அவள் இல்லாமல் எதுவும் நடக்காது. ஒவ்வொரு வாசலிலும் அவளே பேசினாள். "சூசையப்பருக்குப் போடுங்க, நுன்சியோ உயிருக்குப் போடுங்க." லிபோரியா மேலங்கியின் மடியை விரித்துப் பிடித்தபடி நின்றாள். மாவு விழும்போது மடி கொஞ்சம் இறங்கும், அவள் கையை உயர்த்துவாள். அவ்வளவுதான் அவளுடைய வேலை.

மூன்றாவது வீட்டில் கிரேசியா மாவுப் பானையோடு வந்தாள். மடியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கை போதுமா மதினி, ரெண்டு கை போடவா? உங்க ஆள் குட்டைதானே, ஒண்ணே போதும்" என்றாள். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். லிபோரியாவும் சிரித்தாள். சிரிப்பு சரியான இடத்தில் வந்ததா என்று பிறகு யோசித்துப் பார்த்தாள்.

நுன்சியோவைப் பற்றிக் குறை சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. வாழைத்தார் இறக்கும் துறையில் வேலை. குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்து, அவள் கப்பலில் வந்து இறங்கியபோது கரையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றவன். அன்று முதல் உப்பு போதும், உப்பு போதாது என்பதைத் தாண்டி அவர்களுக்குள் பெரிதாகப் பேச்சு வளரவில்லை. அது ஒரு துன்பம் என்றுகூட அவள் நினைத்ததில்லை. ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

காய்ச்சல் முற்றிய அன்று அந்த அறை முழுக்கப் பெண்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்ஃபா முழங்காலிட்டு, "சூசையப்பரே, இவன் எழுந்தா லிபோரியா வெறுங்காலோட பிச்சை எடுத்து உமக்கு மேஜை போடுவா" என்று வேண்டினாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். லிபோரியா ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் அப்போது கட்டிலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். இனி அதைச் சுவரோடு தள்ளிப் போடலாம். நடுவில் இடம் கிடைக்கும், ஒரு தையல் மெஷின் வைக்கலாம். அந்த நினைப்பில் வெறுப்பு இல்லை, ஆசைகூட இல்லை. நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. மறுநாள் நுன்சியோ கண் திறந்து தண்ணீர் கேட்டான். கொண்டுபோய்க் கொடுத்தாள். கிளம்ப எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

அதே வாரம் கீழ்வீட்டு ஆகத்தாவின் கணவன் தானோவும் படுத்தான். ஆகத்தா வேண்டியதை இந்த முற்றமே கேட்டது. தலைமுடியை வெட்டித் தருகிறேன் என்றாள், கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நாக்கால் தரையை நக்கிக்கொண்டே வருகிறேன் என்றாள். தானோ நான்காம் நாள் இறந்தான். அவள் கதவில் கட்டிய கருப்பு நாடா வெயிலிலும் மழையிலும் வெளுத்து இப்போது பழுப்பாகத் தொங்கியது.

மாடி வீடுகள் முடிந்து அவர்கள் கீழே இறங்கினார்கள். மடி கனத்தது. மிச்சமிருந்தது அந்த ஒரு கதவுதான்.

லிபோரியா அதைத் தாண்டி நடந்தாள். துக்க வீடு, பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நடந்துகொண்டே இருக்கும்போது தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு வாசலை விடுகிறோம். விட்டால் என்ன ஆகும் என்று தெரியும். மாடிப்படி இருக்கிறது என்று நம்பி இருட்டில் காலை வைப்பதுபோல, அந்த அளவுக்கு அவளுக்கு அது தெரியும். விஷம் வேண்டாம், கத்தி வேண்டாம். நடந்தால் போதும். கால் நடந்துகொண்டிருந்தது. நெஞ்சு படபடக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. அது மட்டும் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

நின்ஃபா கையைப் பிடித்து இழுப்பதற்குள் கதவு திறந்தது. ஆகத்தா கருப்பு உடையில் நின்றாள். சோப்பு நீரில் ஊறிய கைகள். ஊராருக்குத் துணி துவைத்துத்தான் இப்போது அவள் பிழைப்பு.

"என் வாசலுக்கு வந்தா மட்டும் கால் வலிக்குதோ?" என்றாள்.

நின்ஃபா உடனே முன்னால் வந்து, சூசையப்பருக்குப் போடுங்க என்று ஆரம்பித்தாள். ஆகத்தா அவளை நிறுத்தினாள். "அக்கா, நேர்ச்சை உங்களுதா, அவளுதா? அவளுக்கு வாய் இருக்குல்ல? அவ கேக்கட்டும்."

நின்ஃபா இப்படி யாரும் தன்னிடம் பேசியதில்லை என்பதுபோல் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், யாரோ விட்டுச் சென்ற வாளியை நகர்த்தி வைக்கத் தொடங்கினாள்.

"யாருக்காகக் கேக்குற?" என்றாள் ஆகத்தா.

காலையிலிருந்து அத்தனை வாசலில் கேட்ட சொற்கள்தான். நாக்கில் தயாராக இருந்தன. லிபோரியா வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

"நான் வேண்டிக்கல. அன்னைக்கு அக்காதான் சொன்னாங்க. நான் சும்மா நின்னேன்."

ஆகத்தா ஆச்சரியப்படவில்லை. ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். "தெரியும். நானும் அங்கதானே இருந்தேன். எல்லாரும் ஆமென் சொன்னாங்க, நீ ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்ன." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் நான் இங்க கீழ கிடந்து கத்தினேன். வயசானவர் இல்லையா சூசையப்பர். வீடு மாறி மாடி ஏறிட்டார்" என்றாள்.

அவள் முகத்தில் கோபம் இருந்தால் லிபோரியாவுக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. தனக்குள் இருப்பது போலவே அங்கேயும் ஒன்றும் அசையாமல் கிடந்தது. இவ்வளவு அழுதவளும், அழவே அழாதவளும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம் என்று தோன்றியது.

"இப்பக் கேளு. ஆனா பொய்யாக் கேட்டா என் மாவு கிடையாது" என்றாள் ஆகத்தா.

லிபோரியா தேடினாள். அவன் எனக்கு வேண்டும் என்று சொல்ல முடியுமா? அந்த இடத்தில் தொட்டுப் பார்த்தாள், கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அவன் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லை. கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்ட அந்த அறையை நினைத்தாள். அங்கேயும் அவள் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். தார் சுமந்து சுமந்து அவன் கழுத்தின் ஒரு பக்கம் தடித்துப்போயிருப்பது நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் அந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. அந்தக் கழுத்தின்மேல் மண் விழ வேண்டாம்.

"அவர் சாக வேண்டாம்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"என்கிட்ட அவ்வளவுதான் இருக்கு."

 ஆகத்தா உள்ளே போய் ஒரு கைப்பிடி மாவோடு வந்தாள். மடிக்கு மேல் கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியாக ஒட்டியிருந்ததையும் தட்டி உதறிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

நின்ஃபா தொட்டிப் பக்கத்தில் வாளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்த திசையில் லிபோரியாவும் திரும்பினாள். மாடிப்படியின் அடியில் நுன்சியோ நின்றிருந்தான். மூடுபனியில் கப்பல் எதுவும் ஆற்றில் ஏறி வரவில்லை, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

அவள் மடியைப் பிடித்தபடி அருகில் வந்தாள். அவன் வழிவிட்டு ஒதுங்கினான். ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உனக்குக் காய்ச்சல் வந்திருந்தா நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்" என்றான்.

அது திட்டா, ஆறுதலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"கேட்டிருப்பீங்களா?" என்றாள்.

"கேட்டிருப்பேன்."

அவள் தலையசைத்தாள். மேஜைக்குப் பலகை வேண்டும் என்றாள். துறையில் உடைந்த பெட்டிகள் கிடக்கின்றன, ஆணி பிடுங்கிக் கொண்டுவருகிறேன் என்றான். எங்கே போடப் போகிறாய் என்று கேட்டான். அறை நடுவில் என்றாள். அங்கே கட்டில் இருக்கிறதே என்றான்.

"தள்ளிப் போடணும். நீங்க ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.