நான் சிலி இல்லைங்க

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் உலகப்படத்தில் பிறந்தது. மோட்டார் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றபோது கொடுத்த படம். ஆர்.எஸ்.புரம் வீட்டின் கிழக்கு அறையில் என் மேசைக்கு எதிரே மாட்டி, பார்த்துக்கொண்டே இருந்தேன். பொலிவியா என்றொரு நாடு. கடற்கரை கிடையாது, கடற்படை உண்டு! 1879இல் தொடங்கிய சண்டையில் கடற்கரை முழுவதையும் சிலி பிடித்துக்கொண்டது. இவர்கள் மலைமேல் ஓர் ஏரியில் கப்பல் ஓட்டிப் பழகுகிறார்கள். ஒவ்வொரு மார்ச் இருபத்து மூன்றாம் தேதியும் கடலுக்காக ஊர்வலம் போகிறார்கள்.

இதையெல்லாம் தேடிப் படித்து மூன்று நாள் அழுதேன்.

(அழுகவெல்லாம் இல்லை. கொட்டாவி விட்ட கண்ணீர். — மயிலாத்தாள், பென்சிலில்.)

மயிலாத்தாள் என் மனைவி. நான் எழுதியதை எல்லாம் படித்து ஓரத்தில் பென்சிலால் திருத்துவாள். ஒளித்து வைத்தும் பயனில்லை.

2

முதல் தொடக்கம்: 'பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், கடற்படைச் சார்ஜென்ட் மமானி, தான் ஒருநாளும் பார்த்திராத கடலுக்காகத் தன் பூட்சுக்கு...'

விட்டுவிட்டேன். பூட்சுக்கு என்ன செய்வான், பாலீஷ் போடுவான். எதற்குப் போடுகிறான் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம். எல்லையில் ஒரு சிலிக்காரனோடு மமானி மல்லுக்கு நிற்கிறான்:

"ஏனுங்க, எங்க கடலை எடுத்துப்போட்டீங்களே, நாயமாங்க?"

"நீங்க சும்மாதானுங்க வெச்சிருந்தீங்க. நாங்க வெடியுப்பாவது எடுத்தமுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். நூற்று நாற்பது வருடப் பகை, பந்திக்கு அழைப்பது போலப் பேசுகிறார்கள்! எத்தனை தடவை அடித்தாலும் 'ங்க' மறுபடி முளைக்கிறது. கோயமுத்தூர்க்காரன் எழுதினால் பீரங்கிகூட "சுடறேனுங்க" என்றுதான் சுடும்.

3

போன செவ்வாய்க்கிழமை மயிலாத்தாள் இதுவரைக்கும் படித்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதுல நீங்க சிலிங்க."

"நானா? நான் மமானி கட்சி, அம்மணி!"

"இந்த ரூமு யாருதுங்க?"

(விளக்கம், வேண்டாவெறுப்பாக: கிழக்கு அறையில் இருபத்தாறு வருடம் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. அந்த ஜன்னல் வெளிச்சத்தில் பாதித் தெருவுக்கு ஜாக்கெட் தைத்திருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற மறுவாரம் மெஷினை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு என் மேசையைப் போட்டேன். தற்காலிகம் என்றேன். ஒரு வருடமாகிறது.)

"அங்கதான் லைட்டு போட்டுக் குடுத்தனே அம்மணி?"

"அது ஏரிங்க" என்றாள்.

மறுநாள் உடுமலைப்பேட்டைக்கு, அவள் அண்ணன் மாரப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டில் முக்குக் கடைக்குப் போனாலும் 'வாரேனுங்க' என்றுதான் சொல்லுவோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேனுங்க" என்றாள்.

கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மமானிக்குக் கடல் கிடைக்கிறது: வரலாறு ஒப்பவில்லை. உலக நீதிமன்றமே கை விரித்துவிட்டது.

மமானி கடலை மறந்துவிடுகிறான்: மமானி ஒப்பவில்லை. விடிந்ததும் பூட்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான், கழுதை.

மூன்றாவது... நேற்று உடுமலைக்குப் போன் போட்டேன். மாரப்பன்தான் எடுத்தார். "மாப்ளெ, மெஷினுக்கு எண்ணெய் உட்டீங்களான்னு தங்கச்சி கேக்குதுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உறைக்குள் மெஷின், பொட்டுத் தூசி இல்லை. ஊசியில் சிவப்பு நூல் கோத்தபடியே இருக்கிறது. ஒரு வருடமாக ஒரு ஜாக்கெட்கூடத் தைக்காத மெஷின்! மமானி பூட்சுக்கு எதற்குப் பாலீஷ் போடுகிறான் என்று இப்போது...

இந்த வாக்கியத்தையும் முடிக்கப் போவதில்லை. வேலை இருக்கிறது.

ஜன்னலை விட்டு நகரவேண்டிய மேசை தேக்கு. எட்டு யானை கனம். (பென்சில்காரி ஊரில் இல்லாததால் நானே திருத்துகிறேன்: இரண்டு ஆள் கனம்.) ஒரு முனையைத் தூக்கிவிட்டேன். இதன் முடிவு மறுமுனையில் இருக்கிறது, உங்கள் பக்கம்.

ஏனுங்க, பார்த்துட்டே நின்னா எப்படிங்க? ஒரு கை புடிங்க.